தலைவலிக்குப் போட்ட மதிப்பெண்

தலைவலி ஆராய்ச்சிக் கட்டுரைகளைப் படித்து மதிப்பெண் போடுவது என் வேலை என்று சொன்னால் எங்கள் தெருவில் ஒருத்தரும் நம்புவதில்லை. "அதுக்கெல்லாமா சம்பளம் தராங்க?" என்பார்கள். தருகிறார்கள். சென்னையில் ஒரு சின்னக் குழு. தலைவலிக்கு ஒரு பக்கம் மாத்திரையும் ஊசியுமாக ஆங்கில மருத்துவம். இன்னொரு பக்கம் அக்குபங்சர், மூலிகை, மூச்சுப் பயிற்சி. இரண்டு பக்கமும் கட்டுரை எழுதித் தள்ளுகிறார்கள். எது வலியைத் தீர்க்கிறது என்பது எங்கள் கேள்வி இல்லை. எந்தக் கட்டுரையின் பேச்சை எவ்வளவு நம்பலாம் என்பதுதான் கேள்வி.

அதற்கு ஒரு பட்டியல் உண்டு. யாருக்கு எந்தச் சிகிச்சை என்று சீட்டுக் குலுக்கிப் பிரித்தார்களா, இல்லை டாக்டர் தன் இஷ்டத்துக்குப் பிரித்தாரா? வலி குறைந்ததா என்று கேட்டு எழுதிய ஆளுக்கு, எதிரே உட்கார்ந்திருப்பவர் எந்தச் சிகிச்சை எடுத்தவர் என்று தெரியுமா? பாதியில் நின்றுபோனவர்களைக் கணக்கில் சேர்த்தார்களா, மெல்லக் கழற்றிவிட்டார்களா? ஒவ்வொரு கட்டுரையையும் இரண்டு பேர் தனித்தனியாகப் படித்து மதிப்பெண் போடுவோம். பிறகு ஒப்பிட்டுச் சண்டை போடுவோம். நான் பெரும்பாலும் திருத்தணியில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். வாரம் ஒரு நாள் ரயிலேறிச் சென்னைக்குப் போய் அந்தச் சண்டையை நேரில் போட்டுவிட்டு வருவேன்.

எனக்குப் பொறுமை கிடையாது. ஒரு கட்டுரையை ஒரே மூச்சில் படிக்க என்னால் முடியாது. இரண்டு பக்கம் படிப்பேன். எழுந்து போய் அடுப்பைப் பார்ப்பேன். மாடிக்குப் போய்க் காயும் துணியைத் திருப்பிப் போடுவேன். வந்து மறுபடி முதல் பக்கத்திலிருந்து ஆரம்பிப்பேன். "குட்டி போட்ட பூன மாதிரி இன்னாத்துக்கு சுத்திகினே கீற, ஒரு எடத்துல உக்காரு" என்று என் கணவர் சொல்வார். அவருக்கென்ன, அவர் உட்கார்ந்தால் மூன்று மணி நேரம் அசையமாட்டார்.

இந்த வருடம் பங்குனி வாக்கில், கூட மதிப்பெண் போடும் தோழி என்னைப் பிடித்துவிட்டாள். என்னுடைய பழைய தாள்களையெல்லாம் பரப்பி வைத்துக்கொண்டு கூப்பிட்டாள்.

"இதைப் பாரு. ரெண்டு கட்டுரையிலயும் ஒரே தப்பு. மதிப்பிட்ட ஆளுக்கு முன்கூட்டியே எல்லாம் தெரியும். மாத்திரைக் கட்டுரைக்கு ஒண்ணும் குறைக்கலை. அக்குபங்சர் கட்டுரைக்குப் பாதி மார்க்கை வெட்டியிருக்கே."

"அதுக்கும் இதுக்கும் வித்தியாசம் இருக்கு" என்றேன்.

"என்ன வித்தியாசம்?"

இரண்டு தாளையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டுப் பையை எடுத்துக்கொண்டேன். அன்று திரும்பும் ரயிலில் மனசு ஆறவே இல்லை. வேறு யாராவது இப்படிச் செய்திருந்தால் நான் சும்மா விட்டிருப்பேனா? அரக்கோணத்தில் இறங்கிப் பிளாட்பாரத்தில் நடந்து, ரயில் நகரும்போது மறுபடி ஏறினேன். என் நியாயத்தின் மேல் எனக்கு அவ்வளவு பெருமை இருந்திருக்கிறது என்பதே அன்றைக்குத்தான் தெரிந்தது.

வீட்டிலும் ஒரு தலைவலி இருந்தது. என் கணவருக்கு. அவர் கே.ஜி.கண்டிகை போகும் சாலையில் மோட்டார் காயில் கட்டும் கடை வைத்திருக்கிறார். சுற்றுப்பட்டு நிலங்களில் எரிந்துபோகும் போர்வெல் மோட்டார்கள் அவரிடம்தான் வரும். மெல்லிய செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக எண்ணிக் கையால் கட்ட வேண்டும். ஒற்றைத் தலைவலி வந்தால் வலது கண்ணில் தண்ணீர் கொட்டும், வெளிச்சம் ஆகாது, வாந்தி வரும். மாசி மாதத்தில் அப்படி ஒரு வலியோடு கட்டிக் கொடுத்த மோட்டார் மாட்டிய மறுநாளே புகைந்துவிட்டது. வேர்க்கடலைக்குத் தண்ணீர் பாய்ச்ச வேண்டிய நேரம். அந்த விவசாயி திட்டக்கூட இல்லை. மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார்.

"இன்னும் ரெண்டு மோட்டாரு இப்பிடி ஆச்சுன்னா கடைய சாத்திட வேண்டிதான்" என்றார் கணவர். இருபத்தைந்து வருடக் கடை. அது போனால் மனுஷன் என்ன ஆவார்?

அரக்கோணத்தில் ஒரு நரம்பு டாக்டரிடம் காட்டினோம். வலி வராமல் தடுக்கத் தினம் ஒரு மாத்திரை கொடுத்தார். சாப்பிட்டால் மந்தமாக இருக்கிறது என்று இவருக்குக் குறை. இதற்கிடையில் இவருடைய பாவா, அதாவது அக்காவின் கணவர், கனகம்மாசத்திரத்தில் ஒரு அம்மா அக்குபங்சர் ஊசி போடுகிறார், தனக்கு முதுகுவலி போயே போச்சு என்று காதில் ஓதிவிட்டார். இவர் அங்கே போக வேண்டும் என்று நிற்கிறார். நான் கூடாது என்று நிற்கிறேன்.

தோழியிடம் வாங்கிக் கட்டிக்கொண்ட அந்த வாரம் எனக்கு ஒரு யோசனை வந்தது. ஏன் வீட்டிலேயே ஒழுங்காக ஒப்பிட்டுப் பார்க்கக் கூடாது? எட்டு வாரம் மாத்திரை. நடுவில் இரண்டு வாரம் இடைவெளி. பிறகு எட்டு வாரம் ஊசி. தினமும் எழுதுவது. யார் கட்சியும் இல்லாமல் எண்ணிப் பார்ப்பது. டாக்டரிடம் சொன்னபோது அவர் சிரித்தார். மாத்திரையை எப்படிக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பது என்று எழுதிக் கொடுத்து, "வலி அதிகமானா காத்திருக்காம வந்துடணும். ரெண்டு சிகிச்சைக்கும் குறிப்பு எனக்கு வேணும், அதை வெச்சுத்தான் முடிவு பண்ணுவேன்" என்றார்.

எது முதலில் என்று நானே முடிவு செய்தால் அது நியாயமா? இரண்டு துண்டுச் சீட்டு எழுதி எவர்சில்வர் டம்ளரில் போட்டுக் குலுக்கினேன். அவரை எடுக்கச் சொன்னேன். மாத்திரை வந்தது. சித்திரையில் மாத்திரை ஆரம்பித்தால் ஊசி ஆனியில் தொடங்கி ஆடி முழுக்க ஓடும். திருத்தணியில் இருக்கும் ஒருத்தி ஆடியை மறப்பாளா? மறக்கவில்லை. ஆடிக் கிருத்திகைக் கூட்டத்தில் கனகம்மாசத்திரத்துக்குப் பஸ் கிடைக்குமா என்று மட்டும்தான் யோசித்தேன்.

பெயிண்ட் கடையில் கொடுத்த மாதக் காலண்டரைச் சமையலறைக் கதவுக்குப் பக்கத்தில் மாட்டினேன். வலித்த நாளில் பெருக்கல் குறி போட்டு, பக்கத்தில் வலி எவ்வளவு என்று பத்துக்குள் ஒரு எண். வலிக்காத நாளில் வட்டம். "புரியுதுங்களா?" என்றேன். "ஆங், ஆங், மோட்டாரே கட்றேன், இது தெரியாதா" என்றார்.

மாத்திரை வாரங்களில் நான் பட்ட பாடு சொல்லி மாளாது. காலையில் எழுந்ததும் காபிக்கு முன்னால் காலண்டருக்குப் போவேன். பெருக்கல் குறி இருந்தால் எனக்குப் பொசுக்கென்று ஆகிவிடும். மாத்திரை ஜெயிக்க வேண்டும் என்று உள்ளுக்குள் ஆசைப்படுகிறேன் என்று தெரியும். அதனாலேயே என்மேல் எரிச்சல் வரும். அந்த எரிச்சலில் பாத்திரங்களை நங்கென்று வைப்பேன். நிறையக் கட்டங்கள் காலியாக இருந்தன. மறந்திருப்பார் என்று விட்டுவிட்டேன்.

ஊசி வாரங்கள் வந்தன. வாரம் இரண்டு நாள் பஸ்ஸில் கனகம்மாசத்திரம் போய்வந்தார். அந்த அம்மா ஒவ்வொரு முறையும் அரை மணி நேரம் பேச்சுக் கொடுப்பாராம். தூக்கம் வருகிறதா, காலையில் என்ன சாப்பிட்டீர்கள், கடையில் புழுக்கமா என்று கேட்பாராம். அது நல்ல விஷயம்தான் என்று எனக்கே பட்டது. ஆனி முடியும்வரை குறிகள் பழையபடியே இருந்தன. ஆடி முதல் தேதி இவர் மாலை போட்டுக்கொண்டார். ஆடிக் கிருத்திகைக்குப் பூக்காவடி எடுப்பது இவர்கள் வீட்டு வழக்கம். மஞ்சள் வேட்டி, ஒரு வேளைச் சாப்பாடு, கூடத்தில் தனிப் பாய். விடியும் முன்பே குளித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்.

ஆடி பிறந்ததும் காலண்டரில் ஒரு பெருக்கல் குறிகூட இல்லை. வட்டமும் இல்லை. வரிசையாகக் காலிக் கட்டங்கள். எனக்கு நம்ப முடியவில்லை. ஒரு வாரம் பார்த்தேன். இரண்டு வாரம் பார்த்தேன். மனுஷன் கடைக்கும் மலைக்கும் அலைகிறார், வட்டம் போட நேரமில்லை, வலித்திருந்தால் எழுதியிருக்கமாட்டாரா என்று முடிவுகட்டினேன். கணினியில் நான் வைத்திருந்த தாளில் அத்தனை காலிக் கட்டத்துக்கும் நானே வட்டம் போட்டேன். யாரும் என்னைக் கேட்கவில்லை. இரண்டு நிமிட வேலை.

நான் தோற்றுவிட்டேன். அந்தத் தோல்வி எனக்கு எவ்வளவு பிடித்திருந்தது என்று சொன்னால் சிரிப்பீர்கள். எனக்குப் பிடிக்காத முடிவை நானே ஒப்புக்கொள்கிறேன், என்னைவிட நேர்மையானவள் உண்டா? தோழியைக் கூப்பிட்டுப் பெருமையடித்தேன்.

அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "காலியா இருந்த கட்டத்தை என்ன பண்ணே?" என்றாள்.

"வட்டம்னு எடுத்துக்கிட்டேன்."

"கேட்டியா அவரை?"

"என் வீட்டுக்காரரை எனக்குத் தெரியாதா" என்றேன்.

முந்தின வாரம்தான் ஒரு கட்டுரைக்கு, எழுதாமல் விட்ட நாட்களை வலியில்லாத நாட்களாகச் சேர்த்ததற்காக முழு மதிப்பெண்ணையும் வெட்டியிருந்தேன். அது நினைவுக்கு வரவே இல்லை. அரக்கோணம் டாக்டரின் கிளினிக்குக்குப் போன் செய்து, இப்போது வலி இல்லை, மாத்திரையும் வேண்டாம் என்று சொல்லி வாங்கியிருந்த அப்பாயின்ட்மென்ட்டையும் ரத்து செய்தேன்.

கிருத்திகை முடிந்தது. காவடி இறக்கி மாலையைக் கழற்றினார். மறுநாளே காலண்டரில் பெருக்கல் குறி, பக்கத்தில் எட்டு. அதற்கு மறுநாளும். அதற்கு அடுத்த நாளும். கூட்டத்தில் அலைந்த களைப்பு என்று நினைத்தேன். நான்காம் நாள் போனை வீட்டில் மறந்துவிட்டுக் கடைக்குப் போய்விட்டார். காலை பதினோரு மணிக்கு எடுத்துக்கொண்டு போனேன்.

கடை ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து பார்த்தேன். உள்ளே தரையில், சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். ஈரத் துண்டை நெற்றியோடு இறுக்கிக் கட்டியிருந்தார். கண் மூடியிருந்தது. முன்னால் பாதி கட்டிய காயில். நான் வாயைத் திறக்குமுன் பக்கத்து டூவீலர் மெக்கானிக் பாய் ஓடிவந்து கையைக் காட்டினார்.

"சத்தம் வோணாம் அண்ணி. இப்பதான் கண்ண மூடினாரு."

"எவ்ளோ நேரமா இப்படி?"

"இன்னிக்கா கேக்கறீங்க? ஆடி மாசம் பூரா இப்பிடித்தான் துண்டக் கட்டிகினு ஒக்காந்திருந்தாரு. ஏழெட்டு மோட்டார வோணாம்னு திருப்பி அனுப்பிட்டாரு. உங்களுக்குத் தெரியாதா?"

பாய் என் முகத்தைப் பார்த்துவிட்டுக் குரலை இறக்கினார். "சொல்லியிருக்க மாட்டாரு. நோம்பு மாசத்துல நானும் பல்லு வலின்னுகூட வூட்ல வாயத் தொறக்க மாட்டேன். சாமிக்குன்னு இருக்கறப்ப எப்படி அண்ணி சொல்றது?"

வீட்டுக்கு எப்படி வந்தேனோ. ஆட்டோவில் உட்காரப் பிடிக்காமல் வெயிலில் நடந்தேன். கோபமான கோபம். பொய் சொல்லிவிட்டாரே, நாலு மாத வேலை குட்டிச்சுவர் ஆகிவிட்டதே என்று. ஆமாம், முதலில் எனக்கு வந்தது என் வேலையைப் பற்றிய கோபம்தான். அதை மறைத்து என்ன ஆகப் போகிறது.

இரண்டு மணிக்குச் சாப்பிட வந்தார். சோற்றைப் போட்டுவிட்டுக் காலண்டரைக் கழற்றி அவர் முன்னால் வைத்தேன்.

"ஏன் இப்படிப் பண்ணீங்க? வலிச்சுதுன்னு எழுதறதுக்கு என்ன?"

அவர் நிதானமாகச் சாம்பாரைப் பிசைந்தார். "மாலை போட்டுகினு கீறப்ப நோவு நோவுன்னு எப்படி எழுதறது? முருகனுக்குன்னு தாங்கறத காலண்டர்ல கிறுக்கறதா? எங்க நைனாவுக்குக் காலுல ஆணி ஏறிச்சி, காவடி எறக்கற வரைக்கும் அவரு வாயத் தொறக்கல."

"அப்ப எனக்குப் பொய் சொல்லலாமா?"

அப்போதுதான் நிமிர்ந்தார். காலண்டரைத் தன் பக்கம் திருப்பி விரலை வைத்துக் காட்டினார்.

"இன்னா பொய்யி? வலிக்கலன்னா வட்டம் போடுன்ன. நான் ஒரு வட்டமாவது போட்ருக்கனா பாரு. வட்டம் இங்க ஏது?"

பார்த்தேன். ஆடிக் கட்டங்களில் ஒன்றுகூட இல்லை. அவ்வளவு வட்டமும் என் கணினியில்தான் இருந்தது.

பெண்டாட்டிக்காகவும் பொய் வட்டம் போடவில்லை, சாமிக்காகவும் வலியை எழுதவில்லை. அந்த மனுஷன் இரண்டு பக்கமும் நேர்மையாக இருந்திருக்கிறார். வட்டம் போட்டவள் படித்தவள்.

"சித்திரையில, வைகாசியில இவ்ளோ கட்டம் காலியா இருக்கே, அப்ப மாலை போடலியே" என்றேன். என் குரல் எனக்கே அடங்கிக் கேட்டது.

அவர் மோர் கேட்டார். ஊற்றினேன். குடித்துவிட்டுச் சொன்னார். "காலங்காத்தால நீ வந்து அதும் முன்னால நிப்ப. பெருக்கல் போட்ருந்தா உம் மூஞ்சி அப்பிடியே சுருங்கிடும். அன்னிக்கு வூட்ல பேச்சே இருக்காது, பாத்திரந்தான் பேசும். தாங்கற மாதிரி இருந்தா எழுதாம வுட்ருவேன்."

மதிப்பிடுகிற ஆளின் மனசு நோயாளிக்குத் தெரிந்துவிடக் கூடாது என்று எத்தனை கட்டுரைகளின் ஓரத்தில் சிவப்பில் எழுதியிருக்கிறேன். மாத்திரை எப்படி, ஊசி எப்படி என்று இனி எனக்கு எதுவும் தெரியாது. ஊசி போட்ட அம்மாவின் மேலும் பிழையில்லை, மாத்திரை கொடுத்தவர் மேலும் பிழையில்லை. இந்த ஆராய்ச்சிக்கு நான் மதிப்பெண் போடுவதென்றால் பூஜ்யம்தான் போட வேண்டும். ஆனால் அன்று அதுவா முக்கியம்? கண்ணுக்கெதிரே ஒருத்தர் வலியோடு மோர் குடித்துக்கொண்டிருந்தார்.

அன்றே கிளினிக்குக்குப் போன் செய்து கெஞ்சி மறுநாளைக்கு நேரம் வாங்கினேன்.

அரக்கோணத்தில் டாக்டர் முதலில் என்னிடம்தான் கையை நீட்டினார். "எங்கே உங்க குறிப்பு?"

"அது தப்புங்க டாக்டர். நான் தப்பா எழுதினது. அவரையே கேளுங்க" என்றேன்.

டாக்டர் அவரைப் பார்த்தார். அவர் என்னைப் பார்த்தார். ஒரு மாதிரி தயங்கி, "பரவால்லங்க, முன்னக்கி இப்ப தேவல" என்று ஆரம்பித்தார். நான் எழுந்தேன். "நான் வெளிய இருக்கேன், நீங்க பேசுங்க" என்று சொல்லிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு வந்துவிட்டேன்.

வெளியே பெஞ்சில் உட்கார முடியவில்லை. வராண்டாவில் நடந்தேன். தண்ணீர் குடித்தேன். செருப்புகளை எண்ணினேன். கதவில் காதை வைத்துக் கேட்கலாமா என்றுகூடத் தோன்றியது, வெட்கமாக இருந்தது. ஐந்து நிமிடத்தில் வருவார் என்று நினைத்தேன். அரை மணி ஆயிற்று. அவ்வளவு நேரம் அவர் யாரிடமும் பேசி நான் பார்த்ததில்லை.

வந்தார். கையில் புது மருந்துச் சீட்டு. "என்ன சொன்னீங்க" என்ற கேள்வி வாய்வரைக்கும் வந்தது. பல்லைக் கடித்துக்கொண்டேன். மருந்துக் கடையில் கேட்கவில்லை. ஸ்டேஷன் படியேறும்போது கேட்கவில்லை. பிளாட்பாரத்தில் பெஞ்சில் இடம் இருந்தது. அவர் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்து தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரயில் அறிவிப்பு முடிந்ததும் அவராகவே சொன்னார்.

"இருவத்திரெண்டு."

"என்னது?"

"மாசத்துக்கு. எத்தினி நாளு வலிக்குதுன்னு கேட்டாரு டாக்டரு. மாத்திர சாப்ட்டப்பவும் அவ்ளோதான், ஊசி போட்டப்பவும் அவ்ளோதான்."

என் தாளில் மாத்திரை வாரங்களில் மாதத்துக்கு ஒன்பது நாள் என்று இருந்தது. மீதிப் பதின்மூன்று நாளும் நான் அந்த வீட்டில்தான் இருந்தேன்.